தவசியின் தட்டு

உலகம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு மத்தியான வேளையில்.

கண்ணைத் திறந்து கேட்டாள். "எல்லாருக்கும் இலை போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன்.

சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

உலகம்மாள் என் மனைவி. வயதுக்கு ஏற்ற மனவளர்ச்சி இல்லாதவர்களுக்கு எங்கள் வீட்டு முன்னறையில் பள்ளிக்கூடம் நடத்தினாள். பிள்ளைகளும் வருவார்கள், பெரியவர்களும் வருவார்கள். நான் சமைத்துப் பரிமாறுவேன்.

முதலில் எங்கள் வீட்டில் இலை கிடையாது. எல்லாருக்கும் தட்டுதான்.

அப்போதுதான் பால்துரை அண்ணாச்சி வந்தார்.

திருநெல்வேலியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். உலகம்மாளைவிட மிகவும் மூத்தவர். முன்கையில் துணிக்கட்டு. அவருக்குப் பின்னால் அவருடைய தம்பி தவசி, முப்பது வயதிருக்கும், சட்டைப் பொத்தானைத் திருகியபடி நின்றார். தவசிக்குப் பேச்சு கிடையாது.

"டீச்சர், உங்ககிட்டப் படிக்க வந்துருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

"என்ன படிக்கணும்?"

"இவனை அடக்குற வித்தை."

உலகம்மாள் பாயை விரித்தாள். "உட்காருங்க அண்ணாச்சி. உட்காருங்க தவசி."

தவசி உடனே உட்கார்ந்தார். அண்ணாச்சி நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா இருந்த வரைக்கும் ஊர்ல அவகூட பூனைக்குட்டி மாதிரி இருந்தான். அவ போனப்புறம் எங்க வீட்டுக்குக் கூட்டியாந்தேன். அன்னைக்குலருந்து சோத்துத் தட்டைத் தூக்கி எறியுதான். பிடிக்கப் போனா கடிக்கான். எம் பொண்டாட்டி பயந்துபோய்ப் பொறந்த வீட்டுல இருக்கா."

"அப்புறம்?"

"பின்னால ஒரு ரூம் கட்டச் சொல்லிருக்கேன். வெள்ளிக்கிழமை கொத்தனார் வாறான். செங்கல் வருது." தம்பியைப் பார்க்காமல் சொன்னார். "தாழ்ப்பாள் வெளிப்பக்கம்."

"அதுல உங்களுக்கு இஷ்டமா?"

"இஷ்டம்னா இங்க எதுக்கு வாறேன்?"

உலகம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சாப்பாடு ஆயிட்டா?"

"ஆயிட்டு."

"அண்ணாச்சிக்குப் போடுங்க. பாடத்தைச் சாப்பிட்டுக்கிட்டே ஆரம்பிப்போம். அண்ணாச்சி, ஒரே நிபந்தனை. பேசக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது. கையால மறிக்கக் கூடாது. நான் சொல்லாம எழுந்திரிக்கக் கூடாது."

"மௌன விரதமா?"

"அப்படியே வச்சுக்கோங்க."

சோறும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தேன். ரசித்துச் சாப்பிட்டார். மறுபடியும் வைத்தேன். அதையும் சாப்பிட்டார். மூன்றாவது முறை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போடுங்க" என்றாள் உலகம்மாள்.

போட்டேன். அவர் கை நின்றது.

"உங்க வீட்டுல தவசி சாப்பாட்டை நிறுத்திட்டா என்ன சொல்வீங்க அண்ணாச்சி? ஓ, பேசக் கூடாதுல்ல. நானே சொல்லுதேன். இன்னும் ஒரு வாய். ஒரே ஒரு வாய். வயிறு வாடக் கூடாது. சொதி ஊத்துங்க."

ஊற்றினேன். சொதி தட்டின் விளிம்பைத் தொட்டது. அண்ணாச்சிக்கு நெற்றி வேர்த்தது.

"சாப்பிடுங்க. நல்ல பிள்ளைல்ல?"

அண்ணாச்சி தட்டை ஒரு தள்ளு தள்ளினார். அது தரையில் வழுக்கிக்கொண்டு வந்து என் காலில் முட்டியது. சொதி முழுக்க என் வேட்டியில்.

தவசி மட்டும் சிரித்தார். நல்ல சத்தமான சிரிப்பு.

உலகம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி இவ்வளவு முரடா? இவுகளுக்கும் ஒரு ரூம் கட்டணும் போலயே."

"போதும்னு வேற எப்படிச் சொல்லுறது டீச்சர்? எல்லாத்தையும்தான் கட்டிப்போட்டுட்டீங்களே."

சொல்லிவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். எச்சில் கை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "இவன் போதும்னா சொல்லுதான்?"

"எனக்குத் தெரியாது. அம்மாகிட்ட எப்படிச் சொல்வார்?"

"இவன் எங்க சொன்னான்? அம்மாவே பாத்துப்பா."

"நீங்க பார்த்ததில்லையா?"

"நான் கடைல இருப்பேன். ஊருக்குப் போனாலும் அவசரம்தான்."

"அப்போ நாளைக்கு அம்மா போட்ட மாதிரியே போட்டுப் பாருங்க. எதையும் மாத்தாதீங்க."

மறுநாள் அண்ணாச்சி சீக்கிரமே வந்து என் அடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். ஊரிலிருக்கும் சித்திக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுப் புளிக்குழம்பு வைத்தார். "கருப்பட்டி ஒரு துண்டு போடணுமாம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். தம்பியைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தார். அம்மா சொல்வதுபோல் "வா, ராசா" என்றும் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தவசி குழம்பை மோந்து பார்த்தார். ஆசையாகச் சாப்பிட்டார்.

அண்ணாச்சி இன்னொரு கரண்டி வைத்தார்.

தவசி இரண்டு கையாலும் தட்டின் எதிர் ஓரத்தைப் பிடித்தார். தூக்கினார். தட்டு சோற்றோடு கவிழ்ந்து அவர் மடியிலேயே விழுந்து, உருண்டு, சுவரில் போய் மோதியது. அண்ணாச்சி பிடிக்க ஓடினார்.

"பிடிக்காதீங்க" என்றாள் உலகம்மாள்.

அவர் நின்றார். தவசி கடிக்கவில்லை. மடியில் கிடந்த சோற்றைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"எல்லாம் அம்மா செஞ்ச மாதிரிதான் டீச்சர்." அண்ணாச்சி கையை விரித்தார். "அதே குழம்பு. அதே கிழக்கு. இன்னும் நான் என்ன செய்ய?"

உலகம்மாள் தட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்த எவர்சில்வர் தட்டு. ஓரமெல்லாம் நசுங்கியிருந்தது. திருப்பிப் பார்த்தாள். தவசி என்று பேர் வெட்டியிருந்தது.

"இது எப்போ வாங்குனது?"

"அம்மா போனப்புறம். பாவம், இவனுக்குன்னு ஒரு தட்டுகூடக் கிடையாது டீச்சர். அதான் கனமாப் பாத்து வாங்கி, பேர் வெட்டி..."

"தட்டே கிடையாதா?"

"நாங்க ஏரல் பக்கம், வாழைக்காட்டுக்காரங்க. அறுக்குற இலையில கிழிஞ்சதெல்லாம் வீட்டுக்கு வந்துரும். அம்மா எப்பவும்..."



தட்டின் எதிர் ஓரத்தைப் பார்த்தார். தம்பியின் கையைப் பார்த்தார்.

செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார். பக்கத்து வீட்டு வாழையில் கேட்டு அறுத்தாரா, கேட்காமலே அறுத்தாரா, தெரியாது. நுனியிலை ஒன்றோடு வந்தார்.

தவசியின் முன்னால் விரித்தார்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தவசி தண்ணீர்ச் செம்பை எடுத்து, இலையில் தெளித்து, உள்ளங்கையால் துடைத்துவிட்டார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணாச்சி சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். தவசி சாப்பிட்டார். அண்ணாச்சி மறுபடி கரண்டியோடு குனிந்தார்.

தவசி இலையின் எதிர்ப்பாதியைப் பிடித்தார். தன் பக்கமாக மடித்தார். ஓரத்தை நீவிவிட்டார். எழுந்து கை கழுவப் போனார்.

அண்ணாச்சி கரண்டியோடு அப்படியே குனிந்து நின்றார். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது.

"என்ன சொல்லுதார்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். மடித்த இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் இலையை எடுக்கப் போனேன்.

"கொஞ்ச நேரம் கிடக்கட்டும், சார்" என்றார்.

பிறகு போனை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டார். "செங்கல் இறக்க வேண்டாம்ப்பா... இல்ல, அப்புறமும் வேண்டாம்."

புறப்படும்போது வாசலில் தயங்கினார். "பஸ் ஹாரன் கேட்டா காதைப் பொத்திக்கிட்டுச் சுவத்துல தலையை முட்டுதானே டீச்சர். அதுக்கு?"

"அதுக்கும் அம்மா ஏதாவது வச்சிருப்பாங்க. சித்திகிட்டக் கேளுங்க."

"சித்திக்கும் தெரியலன்னா?"

உலகம்மாள் தவசியைக் காட்டினாள். அவர் அண்ணனின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

தட்டை விட்டுவிட்டுப் போனார்கள். அது இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. ஓரம் நசுங்கியிருப்பதால் தரையில் வைத்தால் ஆடும்.