முதலை கற்றுக்கொண்ட 'ஸாரி'

மடுவுக்குப் போகும்போதெல்லாம் புள்ளிமான் செவலி பத்தடிக்கு ஒருமுறை நின்று பார்க்கும். கோடையில் மற்ற குட்டைகள் வற்றிவிட்டன. தண்ணீர் இருந்தது அந்த ஒரு மடுவில்தான். முதலை இருந்ததும் அதில்தான்.

முதலை வாரத்துக்கு ஒருவரையாவது தின்னும். தின்று முடித்ததும் கரையில் தாடையை வைத்துக்கொண்டு, "ஸாரி!" என்று சொல்லும்.

காட்டு விடுதிக்கு வரும் மனிதர்களிடமிருந்து வந்த சொல் அது. அவர்கள் அடுத்தவர் காலை மிதித்தாலும் அதைச் சொல்வார்கள். மிதிபட்டவரும் "பரவாயில்லை" என்பார். விலங்குகளுக்கு அது பிடித்துப்போய், ஒரு வழக்கமே ஏற்படுத்திக்கொண்டன. ஸாரி சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது. நடந்ததைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கக்கூடாது. முதலை எங்கே பதுங்கியது, எப்படிப் பாய்ந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் கூடாது!

அன்று காட்டுப்பன்றியின் குட்டி போனது.

"ஸாரி!" என்றது முதலை.

"பரவாயில்லை" என்றது தாய்ப்பன்றி. அதன் குரல் உடைந்திருந்தது.

செவலி தன் குட்டியை ஒட்டி அழைத்துக்கொண்டு, விடுதிக் கூரையில் குடியிருந்த மைனாவிடம் ஓடியது.

"மைனாக்கா, அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?"

மைனா தொண்டையைச் செருமியது. "அதன் பழைய வேர் புண், வலி என்ற பொருளில் வரும். சொல்கிறவனுக்கு உள்ளே வலிக்க வேண்டும். துக்கத்தைச் சொல்லும் 'ஸாரோ' இதற்குச் சொந்தம் மாதிரித் தெரியும். வேர் வேறு! அதை நீ குழப்பிக்கொள்ளக் கூடாது."

"என் குட்டி நாளைக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் அக்கா! முதலைக்கு வலிக்கிறதா, அதைச் சொல்லு!"

"ஏப்பம்தான் வருகிறது" என்றது மைனா.

மறுநாள் தாகம் பயத்தை வென்றது. மடுவில் ஓர் அலை இல்லை. குட்டி கழுத்தை நீட்டிக் குனிந்தது.

"ஸாரி, தங்கச்சி!" என்றது சேற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்.

செவலி காதை நிமிர்த்தியது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே! எதற்கு இப்போதே ஸாரி?

யோசித்து முடிக்குமுன் செவலியின் தலை குட்டியை மோதி மேட்டில் தள்ளியது. மறுகணம் முதலையின் தாடைகள் வெறுங்காற்றைக் கடித்தன. அந்தச் சத்தம் காடு முழுக்கக் கேட்டது.

"என்ன தங்கச்சி இப்படிப் பதறுகிறாய்?" என்றது முதலை. "எப்படியும் சொல்லத்தானே போகிறேன் என்று முன்னாலேயே சொன்னேன். மனிதர்கள் வழி கேட்குமுன்கூட ஸாரி சொல்வதில்லையா?"

"அப்படியும் ஒரு வழக்கு உண்டுதான்" என்றது கூடவே வந்து மரத்தில் உட்கார்ந்திருந்த மைனா, வாயை அடக்க முடியாமல்.

"சரி, இதற்கும் ஒரு ஸாரி!" என்று சொல்லிவிட்டு முதலை காத்திருந்தது. கரை முழுவதும் செவலியைப் பார்த்தது.

செவலி கரையில் நின்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னது: "பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். முதலை நாணலுக்கு இடப்பக்கச் சேற்றில் படுத்திருந்தது. எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்!"

தாய்ப்பன்றி கத்தியது: "என் பிள்ளையையும் அங்கிருந்துதான் பிடித்தது!"

"என் தம்பியையும்!" என்றது ஒரு முயல்.

அன்று முதல் ஒருவர் நாணலைக் கவனிக்க, மற்றவர்கள் வலப்பக்கம் தண்ணீர் குடித்தார்கள். பட்டினியால் ஒட்டிப்போன முதலை, முதல் மழையிலேயே வேறு நீர்நிலை தேடிப் போய்விட்டது.

செய்வதை நிறுத்தாதவன் கேட்கும் மன்னிப்பு, அடுத்த கொடுமைக்கு அவன் கேட்கும் அனுமதி.