மங்க விடாத நட்சத்திரம்

மலைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலத்தில் கருங்கோட்டை என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே இருட்டு என்பதே கிடையாது. அரசனுக்கு மதிலைச் சீக்கிரம் கட்டி முடித்துவிட ஆசை. அதற்காக முண்டகன் என்ற மந்திரவாதி, பெரிய நட்சத்திரம் ஒன்றை மதிலுக்கு நேர்மேலே மந்திரத்தால் கட்டிப்போட்டான். அந்த வெளிச்சத்தில் ஊரே ராத்திரியும் பகலும் கல் சுமந்தது.

நட்சத்திரத்துக்கோ கூடிக் குறைவதுதான் சுபாவம். மங்கத் தொடங்கினால் முண்டகன் மந்திரச் சாட்டையைச் சொடுக்குவான். அது துடித்து எரியும். ஆனால் அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தால் மந்திரம் போய்விடும். அதனால் அவன் மதிலடி அறைக்குள்ளேயே இருந்துகொண்டு, பார்த்துச் சொல்ல நாச்சி என்ற பெண்ணை மதில்மேல் உட்கார வைத்திருந்தான். பக்கத்தில் பெரிதும் சின்னதுமாக, மாறாமல் எரியும் இரண்டு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அவள் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் கண் போய்விடும், அது அவன் இட்ட சாபம்.

"என்னடி, எப்படி இருக்கு?"

"மங்குது சாமி."

சாட்டை சொடுக்கியது. நட்சத்திரம் அலறியது, நாச்சிக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் ராத்திரியும் கேட்டான். "என்னடி, எப்படி இருக்கு?"

"மங்குது சாமி."

சாட்டை சொடுக்கியது. "ஒரே ஒரு தடவை அணைஞ்சு கிடக்க விடேன் தாயீ," என்றது நட்சத்திரம். "களைச்சுப் போயிட்டேன்."

"நானுந்தான்," என்றாள் நாச்சி.

கீழே அவள் புருஷன் காரி, தோளில் கல்லோடு, நின்றபடியே தூங்கித் தள்ளாடினான்.

மூன்றாம் ராத்திரி நட்சத்திரம் சிவந்து, பக்கத்துச் சின்னதைவிட மங்கிக் கிடந்தது. "என்னடி, எப்படி இருக்கு?"

நாச்சி காரியின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"நல்லா எரியுது சாமி."

அவள் கண்ணில் இருள் கவிந்தது. நட்சத்திரமும் அணைந்தது. உளிச் சத்தம் நின்றது. முண்டகன் பதறி வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் சாட்டை சாம்பலாயிற்று. நட்சத்திரத்தின் கட்டும் நாச்சியின் சாபமும் அறுந்தன. முண்டகன் வெறும் கிழவனாக அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

காரி இருட்டில் தடவித் தடவி மதிலேறி வந்தான். "கண்ணு தெரியுதா புள்ள?"

"இந்த இருட்டுல எப்படிச் சொல்ல மாமா? விடியட்டும்."

ஊரே படுத்தது. அரசன் கூப்பிட்டுப் பார்த்தான், ஒருவரும் எழவில்லை. கடைசியில் அவனும் கொட்டாவி விட்டுச் சாய்ந்தான். நட்சத்திரம் ஆசை தீர இருண்டு கிடந்து, பிறகு தன் இஷ்டத்துக்குக் கூடிக் குறையத் தொடங்கியது. மதில் பாதியோடு நின்றது.

நாச்சி விழித்தபோது காரியின் தாடியில் வெயில் விழுந்திருந்தது. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவனை எழுப்பாமல் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.