நிறைஞ்சிருக்கு

யானையும் பெருச்சாளியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், உழவும் கிடையாது, அறுப்பும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை மேற்கு மலையைத் தாண்டித் தானிய யானை வரும். அதன் முதுகில் உலகத்துக்கே போதுகிற தானியம் குவிந்திருக்கும். அது நடந்தால் குளத்துத் தண்ணீர் கரையேறும். உதிரும் மணிகளைக் கொத்த, வானத்தையே மறைத்துக்கொண்டு கிளிக்கூட்டம் பின்னால் வரும். யானை ஒவ்வொரு வாசலிலும் நின்று, "குதிருல இருக்கா, இல்லையா?" என்று கேட்கும். சொன்ன சொல்லை நம்பிக் கொடுக்கும். அடுத்தவர் தானியக் குதிருக்குள் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அதன் எண்ணம்.

ஒரு வருடம் யானை மூன்று மாதம் தாமதமாக வந்தது. ஏன் என்று யானையிடம் யார் போய்க் கேட்பது? மேட்டில் கடைசி வீட்டுக்காரி காராயியின் குதிர் காலியாகி இரண்டு நாளாகியிருந்தது. அவள் மகள் பொலிச்சி அழுவதற்கும் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை, காராயி விளக்கேற்றிய நேரம். தரை அதிர்ந்தது. வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் வானத்தைக் காணோம், யானைதான் இருந்தது. அந்தி வெயிலில் அதன் முதுகுத் தானியம் பொன்னாய் மின்னியது. அவளுக்குப் பசிகூட மறந்துபோனது. கைகள் தாமாகக் குவிந்தன.

"காராயி, தாயி, குதிருல இருக்கா, இல்லையா?"

விளக்கு வைத்த வீட்டில் 'இல்லை' என்று சொல்லக்கூடாது, சொன்னால் அந்தச் சொல்லே குடியேறிவிடும் என்பது அவர்கள் வழக்கம். அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். வீட்டாருக்குப் புரிந்துவிடும். யானைக்குப் புரியுமா?

"நிறைஞ்சிருக்கு சாமி" என்றது காராயியின் வாய்.

யானை பூரித்துப்போனது. "நல்லாரு தாயி. ஆத்தங்கரைப் பெருச்சாளி 'இல்லவே இல்ல'ன்னு தரையில உருண்டு அழுதான். எவ்வளவு கொட்டியும் 'போதும்'னு சொல்லல. உன் பங்கையும் அவனுக்கே குடுத்துடுறேன்."

அது திரும்பி நடந்தது. கூப்பிடலாம் என்றால், போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதும் ஆகாதே! பிள்ளை பட்டினி கிடந்தாலும் வழக்கம் விடுகிறதா பாருங்கள். முன்னால் போய் நின்று சொல்லிவிடலாம் என்று காராயி முள்ளுக்காட்டு வழியே ஓடினாள். யானையின் ஓரடி அவளுக்கு நூறடி.

அவள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி மணியும் பெருச்சாளியின் வளைக்குள் இறங்கிவிட்டது.

"இல்ல சாமி! எங்க வீட்ல ஒண்ணுமே இல்ல! எம்புள்ள ரெண்டு நாளாப் பட்டினி!"

பிறந்ததிலிருந்து அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

யானையும் முதல் தடவையாகக் குனிந்து வளைக்குள் பார்த்தது. காராயியும் பார்த்தாள். வளைக்குள் வளையாக, மலையடி வரைக்கும் தானியம். ஏழு வருடத்துத் தானியம்! அடியில் கிடந்தது புழுத்துக் கறுத்திருந்தது. இவ்வளவும் உலகத்தில் இருந்ததா என்று இருந்தது அவளுக்கு.

"அந்தத் தாயிக்கு ஒரு படியாவது குடுடா" என்றது யானை.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குறது பெரியவங்களுக்கு அழகா சாமி?" என்று சொல்லிவிட்டு, பெருச்சாளி உள்ளிருந்தபடியே மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொண்டது.

அவ்வளவு பெரிய யானை கூனிக்குறுகிப் போனது. மண்டியிட்டு உடம்பை உதறியது. தோல் மடிப்புகளில் ஒட்டியிருந்த இரண்டு கைப்பிடி தானியம் உதிர்ந்தது. காராயி முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.

"நீ சொன்னதைக் காதால கேட்டேன் தாயி, உன் மொகத்தப் பாக்கலியே. இனிமே கேக்குற தகுதி எனக்கில்ல. நீங்களே ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குங்க. கேட்டுட்டு மொகத்தப் பாருங்க."

மலையைத் தாண்டிப் போன யானை பிறகு வரவேயில்லை. காராயி ஒரு கைப்பிடியைக் கஞ்சி காய்ச்சினாள். மூன்றாவது வாய்க்குப் பொலிச்சி கண் திறந்தாள். மறு கைப்பிடியை அடுத்த மழையில் ஊரார் மண்ணைக் கீறி விதைத்தார்கள்.

அன்று தொடங்கியதுதான், உலகத்துக்கே போதுகிற தானியம் ஓரிடத்தில் குவிந்து புழுக்க, வேறோரிடத்தில் அடுப்பில் பூனை தூங்குவது. எதிரில் வருகிறவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு, அவர் "ஆச்சு" என்ற பிறகும் நாம் அவர் முகத்தைப் பார்ப்பதும் அன்று முதல்தான்.