மழை பெய்யாத கோணங்குளம்

கோணங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. சொன்னவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, ஊர்க்கூட்டம் போட்டு விசாரித்து, அவர் சொன்னது சரிதான் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுத்தான் அனுப்பிவைப்பார்கள். அவ்வளவு நியாயமான ஊர்.

அந்த ஊரில் குருவம்மாள் மட்டும் கொஞ்சம் விவரமானவள் என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேரைக் கொடுத்தவர்களும் கோணங்குளத்துக்காரர்கள்தான்.

அவளுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு மிளகாய்த் தோட்டமும், ஊருக்குக் கிழக்கே ஒரு களமும். பங்குனியில் பழத்தைப் பறித்துக் களத்தில் பரப்பிவிட்டால், அது காய்ந்து வத்தலாகி வீடு வந்து சேரும்வரை அவள் உயிர் அவளிடம் இருக்காது. ஒரு மழை போதும். நனைந்த வத்தல் வெளுத்துச் சோடையாகிவிடும். சோடை வத்தலை எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வருஷம் பூராவும் தண்ணீர் பாய்ச்சி, களையெடுத்து, முதுகு ஒடியப் பறித்ததெல்லாம் ஒரே பகலில் போய்விடும்.

ரேடியோவோ தினமும் ஒரே பாட்டைத்தான் பாடியது. “மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்.” அந்த ஓரிரு இடத்தில் தன் களம் உண்டா இல்லையா என்று தெரியாமல் குருவம்மாள் வத்தலை அள்ளுவாள். மேகம் மேற்கே இருந்த கூன்மலையில் மோதி அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மறுபடியும் பரப்புவாள். மறுபடியும் ரேடியோ. வத்தல் காய்ந்ததோ இல்லையோ, அள்ளியும் பரப்பியும் குருவம்மாள் காய்ந்துபோனாள்.

இப்படி இருக்கும்போதுதான் வானிலை ஆபீசிலிருந்து ரெஜினா என்று ஒரு ஆபீசரம்மா விவசாயிகளைப் பார்த்துப் பேச ஊருக்கு வந்தார். குருவம்மாள் முதல் ஆளாக எழுந்து கேட்டாள்.

“ஏம்மா, நீங்க சொல்ற ஓரிரு இடத்துல எங் களம் உண்டா, இல்லையா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

ஆபீசரம்மா சிரித்தார். நல்ல மனுஷி. கோபப்படாமல் விளக்கினார்.

“கம்ப்யூட்டருக்குள்ள பூமியப் போலவே ஒரு படம் பண்ணி, அதைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு வச்சிருக்கோம்மா. அதுக்கு மாதிரின்னு பேரு. அதுல ஒவ்வொரு கட்டமும் ரொம்பப் பெருசு. உங்க மாவட்டமே ஒரு கட்டத்துக்குள்ள அடங்கிரும். அதனால உங்க கூன்மலை அதுல கிடையாது.”

கூட்டம் திடுக்கிட்டது. அத்தனை பேரும் திரும்பி மேற்கே பார்த்தார்கள். மலை இருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் சடையாண்டி மெல்ல எழுந்தார்.

“காலையிலகூட அங்கதானம்மா இருந்துச்சு?”

“மலை இருக்குய்யா. படத்துலதான் இல்ல. இப்ப உங்க பக்கத்துக்குன்னு சின்னச் சின்னக் கட்டமா தனியா ஒரு மாதிரி பண்றோம். அதுல மலை வந்துரும், கண்மாய் வந்துரும். மேக்க இருந்து வர்ற மேகம் மலைக்கு அங்கிட்டே கொட்டுறது, இங்கிட்டு காஞ்சு கிடக்குறது, எல்லாம் தெரியும். உள்ளூர் விவரம் சேரச் சேர உங்க ஊருக்குன்னு சொல்ல முடியும். அடுத்த வருஷம் தயாராயிரும்.”

போகும்போது இன்னொன்றும் சொன்னார். “ஆனா, சின்ன மாதிரிக்கு அதோட எல்லை வழியா என்ன உள்ள வருதுன்னு வெளியில இருந்துதான் சொல்லணும். அங்க தப்பாயிருச்சுன்னா, உள்ள எவ்வளவு விவரம் இருந்தாலும் தப்புதான். அதனால தார்ப்பாயக் களத்துப் பக்கத்துலயே வச்சுக்கங்க.”

ஆபீசரம்மாவின் ஸ்கூட்டர் கண்ணுக்கு மறைந்ததும் ஊர்க்கூட்டம் ஆரம்பித்தது.

“அடுத்த வருஷம்வரைக்கும் எங் களம் காத்திருக்குமா?” என்றாள் குருவம்மாள்.

“எதுக்கு மதினி காத்திருக்கணும்?” என்றார் கொத்தனார் பூவலிங்கம். “கம்ப்யூட்டர்தான நம்மகிட்ட இல்ல. கண்மாய்ல களிமண்ணு இல்லையா?”

அவ்வளவுதான். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் களிமண் கோணங்குளம் எழும்ப ஆரம்பித்தது. முதலில் மலை. கவர்மெண்டு படத்தில் விட்டுப்போன மலை என்பதால் பூவலிங்கம் தாராளமாகவே வைத்தார். இடுப்பு உயரத்துக்கு வந்தது. அப்புறம் கண்மாய், கோயில், தெருக்கள், வீடுகள். விவரம் சேரச் சேரத்தான் சரியாக வரும் என்று ஆபீசரம்மா சொல்லியிருந்ததால் எதையும் விட முடியவில்லை. கொடியில் காய்ந்த வேட்டி வந்தது. பூவலிங்கம் தன் வீட்டு வாசலில் தன்னையும் செய்து, மீசைக்குக் கறுப்பு நூல் ஒட்டினார்.

சடையாண்டியின் எருமையில்தான் சிக்கல் வந்தது.

“எருமைய நிக்க வச்சுச் செய்யவா, படுக்க வச்சுச் செய்யவா?” என்று கேட்டார் பூவலிங்கம்.

“காலையில நிக்கும். மத்தியானம் படுத்துரும்,” என்றார் தலைவர்.

“அது படுக்குறதுல மழைக்கு என்ன வந்துச்சு?” என்று குருவம்மாள் கேட்டாள்.

கூட்டமே அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. “மலைய விட்டதுல மழைக்கு என்ன வந்துச்சுன்னு அவுகளும் இப்படித்தான நெனச்சிருப்பாக?” என்றார் தலைவர். நிற்கும் எருமை ஒன்று, படுத்த எருமை ஒன்று என்று இரண்டு செய்து, நேரம் பார்த்து மாற்றிவைப்பது என்று முடிவாயிற்று. மாற்றிவைக்கும் பொறுப்பைத் தலைவர் தானே எடுத்துக்கொண்டார்.

குருவம்மாளின் களம் உள்ளங்கை அகலத்தில் கிழக்கு ஓரமாக அமைந்தது. அவள் தன் நிஜக் களத்திலிருந்து ஒரு கைப்பிடி மிளகாயைக் கொண்டுவந்து அதில் தன் கையாலேயே பரப்பினாள்.

இனி எல்லைதான் பாக்கி. எல்லையில் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. குருவம்மாளின் கொழுந்தன் ஒண்டிவீரனுக்கு வேறு வேலை இல்லாததால் அவனைப் போட்டார்கள். எந்த எல்லையில் நிறுத்துவது?

“நம்ம ஊருக்குள்ள எது வந்தாலும் மேக்க பஸ் ஸ்டாப் வழியாத்தான வருது? தபாலு, சம்பந்தக்காரங்க, ஓட்டுக் கேட்டு வர்றவங்க எல்லாம்,” என்றார் தலைவர்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு டீக்கடை இருந்தது. ஒண்டிவீரன் உடனே சம்மதித்தான்.

“கெழக்கால வந்தா?” என்றாள் குருவம்மாள்.

“கெழக்க ரோடே இல்லையே மதினி. எப்படி வரும்?” என்றான் ஒண்டிவீரன். அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஏற்பாடு இதுதான். மேற்கே மேகம் தெரிந்தால் ஒண்டிவீரன் ஓடிவந்து சொல்வான். பூவலிங்கம் பூவாளியை எடுத்து, களிமண் ஊருக்கு மேற்குப் பக்கம் நின்று தண்ணீர் ஊற்றுவார். எங்கெங்கே நனைகிறதோ அங்கங்கே மழை.

அதே வாரத்தில் மேகம் வந்தது. ஒண்டிவீரன் தலைதெறிக்க ஓடிவந்தான். பூவலிங்கம் ஊற்றினார். தண்ணீர் களிமண் மலையில் மோதி அந்தப் பக்கமே வழிந்து ஓடிவிட்டது. களிமண் களம் காய்ந்தே கிடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். நிஜ மழையும் நிஜ மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டுப் போயிற்று. குருவம்மாள் களத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

ஊர் துள்ளிக் குதித்தது. தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குருவம்மாளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பங்குனியில் வானத்தைப் பார்க்காமல் அவள் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. அன்றைக்குச் சாப்பிட்டாள். ரேடியோவை மூட்டைகட்டிப் பரணில் போட்டாள். வத்தலும் நன்றாகச் சிவந்து, கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போடுகிற பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வெயில் கிடைத்தால் அள்ளிவிடலாம்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு மத்தியானம் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

களத்தில் நின்ற குருவம்மாளுக்கு மண் வாசனை மூக்கில் ஏறியது. வேறு யாராக இருந்தாலும் வத்தலை அள்ளியிருப்பார்கள். அவள் விவரமானவள் அல்லவா? களிமண் ஊருக்கு ஓடினாள். அங்கே களம் காய்ந்து கிடந்தது. எருமைகூட முறைப்படி படுத்திருந்தது. அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். ஒண்டிவீரன் மேற்கைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“எல்லையில ஒண்ணுமே வரல மதினி. சுத்தமா இருக்கு.”

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் டீ கிளாசுக்குள் ஒரு சொட்டு விழுந்தது.

“அப்ப இது என்னடா?”

ஒண்டிவீரன் கிளாசை உற்றுப் பார்த்தான். “மழைதான். ஆனா இது எல்லை வழியா வரலையே மதினி. இத நான் எப்படிப் போயிச் சொல்றது?”

குருவம்மாள் அலறிக்கொண்டு பஞ்சாயத்துத் தார்ப்பாயை எடுக்க ஓடினாள். ஊரில் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் ஊரே அதை நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு எதிரே ஓடிவந்தது.

“அய்யா, புண்ணியவான்களா! களம் அங்கிட்டு!”

“களத்துக்கு இல்ல குருவம்மா. மாதிரிக்கு,” என்றார் தலைவர் மூச்சு வாங்க. “நல்லா யோசி. உன் களத்த மூடினா உன் வத்தல் மட்டுந்தான் தப்பும். மாதிரிய மூடினா ஊரே நனையாமத் தப்பும்ல!”

குருவம்மாள் அப்போதுதான் விழ ஆரம்பித்த தூறலில் நின்று யோசித்தாள். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அவளும் தார்ப்பாயில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மழை வெளுத்து வாங்கிவிட்டு நின்றபோது, களத்தில் வத்தல் மிதந்துகொண்டிருந்தது. குருவம்மாள் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்ன சொன்னாலும் ஒரு வருஷ உழைப்பு அது. ஊரே கூடி நின்று தலையைத் தொங்கப்போட்டது. அப்போது பூவலிங்கம் ஓடிவந்தார்.

“மதினி! அழாதீக! மாதிரியில சொட்டு மழை இல்ல! உங்க வத்தல் அங்க மொறுமொறுன்னு கெடக்கு!”

எல்லோரும் ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். உண்மைதான். தலைவர் நெடுநேரம் தாடையைத் தடவினார்.

“அப்ப மாதிரி சரியாத்தான் இருந்திருக்கு. ஊருதான் தப்புப் பண்ணிருச்சு,” என்றார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப நமக்கு ரெண்டு கோணங்குளம் இருக்கு. ஒண்ணுல மழை பேஞ்சிருக்கு. ஒண்ணுல பெய்யல. ஈர வத்தல எதுல கொண்டுபோயிக் காயப்போடணும்?”

“மழை பெய்யாத கோணங்குளத்துலதான்!” என்றாள் குருவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. விவரமானவள் என்று சும்மாவா பேர் கொடுத்தார்கள்?

கம்பு ஊன்றித் தார்ப்பாயை உயர்த்தி, ஈர வத்தல் முழுவதையும் கூடை கூடையாக உள்ளே சுமந்தார்கள். வத்தல் போன பிறகு நனைந்த ஊரில் தாங்கள் மட்டும் எதற்கு என்று ஜனங்களும் உள்ளே போனார்கள். அவரவர் களிமண் வீட்டுக்குப் பக்கத்தில் அவரவர் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்கள். தலைவர் எருமையை எழுப்பி நிறுத்தினார்.

காற்று வராமல் உள்ளே எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது.

மறுநாள் மழைச் சேதம் பார்க்க ஆபீசரம்மா வந்தார். ஊரில் ஈ, காக்கை இல்லை. ஒண்டிவீரன் மட்டும் பஸ் ஸ்டாப்பில் மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் கைகாட்டிய திசையில் போய்த் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது? உள்ள என்ன பண்றீங்க?”

“வத்தல் காயுது,” என்றாள் குருவம்மாள்.

“வெளிய வெயில் கொளுத்துதேம்மா! களமெல்லாம் காஞ்சுபோச்சு. இப்பவே கொண்டுபோய்ப் பரப்புனா பாதி வத்தலாவது தேறும்!”

“வெயிலா?” தலைவர் மேலே தார்ப்பாயைப் பார்த்தார். “எங்க கோணங்குளத்துல வெயிலே இல்லையேம்மா.”

குருவம்மாளும் மேலே பார்த்தாள். அவளுக்குப் பொறி தட்டியது. அடடா, இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒரு விவரம் விட்டுப்போயிற்றே! அரிவாளை எடுத்தாள். களிமண் களத்துக்கு நேர் மேலே தார்ப்பாயில் ஒரு வட்டம் அறுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வெயில் இறங்கி, அளவெடுத்த மாதிரி அவள் களத்தின்மீது விழுந்தது.

ஊர் கைதட்டியது. குருவம்மாள் ஒரே ஒரு ஈர வத்தலை எடுத்து அந்த வெயிலில் வைத்தாள். அது காய்வதற்காகக் கண்ணிமைக்காமல் காத்திருந்தாள். அவளுக்கு உதவியாக ஊர் மொத்தமும் ஆளுக்கொரு வத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது.

தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பிய ஆபீசரம்மாவைக் குருவம்மாள் கூப்பிட்டாள்.

“அம்மா, ஊருக்குப் போனதும் மறக்காம உங்க படத்துலயும் இந்த ஓட்டையப் போட்டுருங்க. மலைய விட்ட மாதிரி இதையும் விட்டுறாதீக!”