வலப்பக்கச் சீட்

"எனக்கு எப்பங்க வண்டியக் குடுப்பீங்க?" என்று செங்கோடன் கேட்டார்.

லாரி டிரைவர் சின்னராசு சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் இரும்புத் தடியை எடுத்து நீட்டினான்.

"போயி டயரத் தட்டிட்டு வாங்ணா."

செங்கோடன் பத்து டயரையும் தட்டிவிட்டு வந்தார்.

"என்ன சொல்லுச்சு?"

"டயரு என்னங்க சொல்லும்?"

"அப்பச் சரி. நாளைக்கும் தட்டுங்க."

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்து மூன்று. அதனால் இந்தக் கதையில் குருவை அவன் என்றும் சீடரை அவர் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகத்தில் எல்லாம் முறைப்படியா நடக்கிறது?

செங்கோடன் விசைத்தறிக்காரர். தறித் தொழில் படுத்துவிட்டது. இரண்டு தறியையும் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டு, வந்த பணத்தில் நாற்பத்தைந்தாயிரத்தை ஒரு டிரைவிங் ஸ்கூலில் கட்டினார். அவர்கள் இருபது நாள் ஒரு கிழட்டு லாரியில் ஏற்றி மைதானத்தைச் சுற்ற வைத்தார்கள். மூன்றாவது கியரை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது.

லைசென்ஸோடு போன இடத்திலெல்லாம் அனுபவம் கேட்டார்கள். வண்டி கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்டார். சிரித்தார்கள். ஒரே ஒரு முதலாளி மட்டும் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மொதல்ல கிளீனராப் போ. சின்னராசு கத்துக்குடுப்பான்" என்றார்.

முதலாளி தங்கமான மனுசன் என்று செங்கோடன் அன்று வீட்டில் சொன்னார். அவர் மனைவி ருக்குமணி அப்போதுதான் அடுத்தவர் தறியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தாள்.

மூன்று மாதம் டயர் தட்டினார். ஒரு நாள், "உள்பக்கம் நாலாவதுல காத்துக் கம்மிங்க" என்றார். சின்னராசு இறங்கித் தட்டிப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"இப்பக் குடுப்பீங்களா?"

"திம்பம் ஏறட்டுங்ணா."

திம்பம் மலையில் சிமெண்ட் லோடோடு வண்டி திணறியது. நின்ற இடத்திலெல்லாம் செங்கோடன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டார். ஒரு தரம் கை நசுங்கப் பார்த்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்.

"எதுக்குங்க என்னைய இப்பிடி வதைக்கறீங்க?"

"வண்டிக்கு எம்புட்டு எடைன்னு இப்பத் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"ஸ்கூல்ல சொன்னாங்களா?"

செங்கோடனுக்கு இவனல்லவா வாத்தியார் என்று தோன்றியது. அன்றிலிருந்து அவனை வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டார். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவனுக்கு டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார், சட்டை துவைத்துப் போட்டார். கூச்சமாகத்தான் இருந்தது. கற்றுக்கொள்ள வந்தவனுக்குக் கூச்சம் எதற்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

பதினோரு மாதம் போயிற்று. தார்ப்பாய் கட்டக் கற்றுக்கொண்டார். கயிறு முடியக் கற்றுக்கொண்டார். இடப்பக்கம் உட்கார்ந்து ஆள் வருகிறதா, மாடு வருகிறதா என்று பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டார். ஸ்டியரிங்கை மட்டும் துணி வைத்துத் துடைத்தார்.

ஒட்டன்சத்திரம் தாண்டிப் பிற்பகல் மூன்று மணி. ரோட்டில் ஈ காக்கை இல்லை. சின்னராசு ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். எங்கே வருகிறாய் என்று முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, லெப்ட்ல ஆளு" என்றார் செங்கோடன்.

இரண்டாவது தரம் கத்தினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சோளத்தட்டுக் கட்டோடு மொபெட்டில் வந்த மனிதர். செங்கோடன்தான் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்றார் அந்த மனிதர். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார். செங்கோடனுக்கு அழுகை வந்தது. ஆம்புலன்ஸில் வந்த பையன் அவரை ஏற்றிக்கொண்டு, செங்கோடனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

அவ்வளவு நேரமும் சின்னராசு இறங்கவில்லை. போனில்தான் இருந்தான். ஆம்புலன்ஸ் போனபிறகு இறங்கி வந்து வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறி உக்காருங்ணா."

பதினோரு மாதமாகக் கேட்ட சீட். இந்த நேரத்திலா என்று இருந்தது. ஆனாலும் ஏறினார். ஸ்டியரிங் இன்னும் சூடாக இருந்தது.

"ஓரங்கட்டணுமுங்களா?"

"வேண்டாம். எதையும் தொடாதீங்க. சும்மா உக்காருங்க."

சின்னராசு கையை நீட்டி, செங்கோடன் தோளில் கிடந்த கிரீஸ் துணியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

தூரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. செங்கோடனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"பயப்படாதீங்ணா. ஸ்டேசன்லயே ஜாமீனு. முதலாளி வக்கீல அனுப்பிட்டாரு. எம்மேல ஏற்கனவே ஒரு கேசு இருக்குது. இன்னொண்ணு வந்தா என் பொழப்பு போயிரும்."

"எம்மேல ஒரு கேசும் இல்லீங்களே."

"அதுக்குத்தாங்ணா உங்களை எடுத்தாரு. கிளீனருக்கு எதுக்கு ஹெவி லைசென்சு?"

செங்கோடன் அவன் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் கள்ளத்தனம் இல்லை. இருந்திருந்தால் திட்டவாவது திட்டியிருக்கலாம்.

"உங்களுக்கும் இப்பிடித்தானா?"

"என் வாத்தியாருக்காக நான் உக்காந்தேன். துமகூர்ல. ஏழு வருசமா வாய்தாவுக்குப் போயிட்டு வர்றேன். ஆனா அடுத்த மாசமே எனக்குத் தனி வண்டி குடுத்தாங்க."

"மொபெட்டுல வந்த மனுசன் செத்துட்டா?"

சின்னராசு ரோட்டைப் பார்த்தான்.

இறங்கிவிடலாம். இறங்கிப் பஸ் ஏறினால் ராத்திரிக்குள் வீடு. போய்? எடைக்குப் போட்ட தறி திரும்பி வருமா? ருக்குமணி நாளைக்கும் அடுத்தவர் தறியில்தான் நிற்பாள். அவர் காலை எடுத்துப் படியில் வைத்தார். பிறகு அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஜீப் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"இதும் ஒரு பாடமுங்களா, வாத்தியாரே?"

"பாடமெல்லாம் முடிஞ்சுதுங்ணா" என்றான் சின்னராசு. "இது பீசு."