சிவப்பு வரிகள்

அருள்தாஸ் மடிக்கணினியை மேசையில் வைக்கவில்லை, போட்டார்.

"இன்னைக்கு இதை உடைச்சுட்டுத்தான் போவேன் டீச்சர்."

பர்வீன் நிமிர்ந்து பார்த்தாள். பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தாள். வயது முப்பது. அருள்தாஸுக்கு ஐம்பத்தொன்பது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். வகுப்பிலேயே மூத்த மாணவர்.

அவர் மனைவி எமில்டாவும் கூட வந்திருந்தாள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து ஏழு மாதம். குரல் போய்விட்டது. டைப் செய்தால் தமிழில் வாசித்துக்காட்டும் ஒரு மென்பொருளை அவளுக்காக ஏற்ற வேண்டும் என்றுதான் அவர் வகுப்பில் சேர்ந்தார். அதில் ஒரு பகுதி 'சி' என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அந்தப் பகுதியை அவரவர் கணினியிலேயே கம்பைல் செய்து, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று நாளாக அங்கேயேதான் நின்றது.

"என்ன சொல்லுது?" என்றாள் பர்வீன்.

"எரர்னு சொல்லுது."

"என்ன எரர்?"

"பெயில்டுன்னு வருது. திரை பூரா சிவப்பு. நெட்ல எவனெவனோ சொன்னதையெல்லாம் செஞ்சு பாத்தாச்சு. அழிச்சுட்டு மறுபடி போடுங்கான் ஒருத்தன். பழைய வெர்ஷனைப் போடுங்கான் இன்னொருத்தன். மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடக்கூட இல்ல."

"மேல இருந்து வாசிங்க."

"அவ்வளவையுமா?"

"அவ்வளவையும்."

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பாதியில் ஒரு வரியில் நின்றார். அப்படி மாற்றித் தரும் கம்பைலரைக் காணவில்லை என்று அதில் இருந்தது.

"கம்பைலரே இல்லையா இதுல?"

"முதல் நாள்ல இருந்தே அதைத்தான் சொல்லுது."

கம்பைலரை நிறுவினார். திரும்ப ஓட்டினார். எழுத்துகள் வேகமாக ஓடின. மறுபடி சிவப்பு.

மேசையில் ஓங்கி அடித்தார். எமில்டா திடுக்கிட்டு விலகினாள்.

"பாத்தீங்களா! அதே எழவு! நீங்க சொன்னதையும் செஞ்சாச்சு, மறுபடி அதே எழவு!"

பர்வீன் மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

"எது அதே?"

"அதே பெயில்டு."

"வாசிச்சீங்களா?"

அவர் மூடிய கணினியைத் திறக்கக் கை நீட்டினார்.

"வாசிக்காம எப்படி அண்ணாச்சி அதேன்னு சொன்னீங்க?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் டைப் செய்யும் சத்தம் நின்றது. "கரண்ட் இல்லன்னு ஒருத்தர் போன் பண்ணினா, எந்தத் தெருன்னு கேக்காமலே போய்க் கம்பத்துல ஏறிருவீங்களா?"

அவர் முகம் கறுத்தது. எழுந்தார். எமில்டா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நின்றபடியே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு உட்கார்ந்து கணினியைத் திறந்தார்.

இந்த முறை யாரும் சொல்லாமலே மேலிருந்து வாசித்தார். கம்பைலர் கிடைத்துவிட்டது. அதற்கு வேண்டிய ஹெடர் ஃபைல் என்ற துணைக் கோப்பு ஒன்று இல்லை. அதன் பெயரும் அந்த வரியிலேயே இருந்தது. தேடி நிறுவினார். மூன்றாவது தடவை ஓட்டினார். கணினியின் விசிறி இரைந்தது. நான்கு நிமிடம் ஆயிற்று. சிவப்பு வரவில்லை.

எமில்டா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். முதல் சொல் முடிவதற்குள் அருள்தாஸ் எட்டிப் பார்த்தார்.

"என்ன, தண்ணி வேணுமா? வீட்டுக்குப் போகணுமா? இரு, ஆட்டோ கூப்பிடுதேன்."

"உட்காருங்க!" என்றாள் பர்வீன்.

உட்கார்ந்தார்.

எமில்டா ஒரு சொல்லை அழித்துத் திரும்ப அடித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். யாரோ ஒரு பெண்ணின் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், சொல் சொல்லாக வாசித்தது.

"மூணு நாளா நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

அருள்தாஸ் திரையைப் பார்த்தார். பிறகு பர்வீனைப் பார்த்தார்.

"கோவத்துல சொல்லுதாளா டீச்சர்? வருத்தத்துல சொல்லுதாளா? இந்தக் குரல்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே."

பர்வீனுக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

"என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?" என்றாள். "அக்கா உங்க பக்கத்துலதான இருக்காங்க."