பன்னிரண்டாவது சேவல்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள் கீழ்நாட்டார். ஊதைமலையில் பனி அப்படி மாதம் பார்த்து வருவதில்லை. மார்கழி பிறந்தாலே புல்லின்மேல் உப்பாய்ப் பூத்துவிடும். தொட்டித் தண்ணீர் கல்லாய் இறுகிவிடும். அந்த மலைமேல் வேலவனுக்குச் சிறு கோயில் ஒன்று உண்டு. கோயிலின் பின்மதிலை ஒட்டிய கோழிக்கூட்டின் வாசலில், தினமும் விடியலில் தொட்டியின் பனிக்கட்டியைத் தட்டி எடுத்துவிட்டு வெதுவெதுப்பான நீர் வார்ப்பார் ஓர் அம்மையார். மாராத்தாள் என்பது அவர் பெயர். பதிகம் பாடத் தெரியாது, பூத்தொடுக்க வராது. அவர் அறிந்த பூசை இது ஒன்றுதான்.

நேர்த்திக்கடனுக்குச் சேவல் கொண்டுவருவோர் அதைச் சன்னிதி முன் விட்டுவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு மலையிறங்கிவிடுவார்கள். வெயில் நாட்டில் பிறந்த சேவல் இந்தக் குளிரில் என்ன ஆகும் என்று எவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அம்மையாரும் அப்படி ஒரு சேவலோடு வந்தவர்தாம். கணவரை முன்பே இழந்தவர். காய்ச்சலில் கிடந்த ஒரே மகளுக்காக நேர்ந்துகொண்டார். மகள் பிழைக்கவில்லை. ஆனாலும் சேவலைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்.

"புள்ளையே போயிருச்சு. இனி நேர்த்தி எதுக்கு ஆத்தா?" என்று கேட்டார் பூசை செய்யும் பண்டாரத்தார்.

"கேட்டதை அவன் குடுக்கலீங்க. சொன்னதை நான் குடுக்கோணுமில்லீங்களா?" என்றார் அம்மையார்.

விட்ட சேவல் நடுங்குவதைக் கண்டபின் அவருக்கு இறங்க மனம் வரவில்லை. அன்று தங்கியவர், இருபது ஆண்டுகளாகத் தங்கிவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் கூட்டில் காய்ந்த உமியைப் பரப்புவார். பனி முதலில் கடிப்பது சேவலின் கொண்டையைத்தான், கருகி உதிர்ந்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் கொண்டைக்கும் ஆமணக்கெண்ணெய் தடவுவார். உள்ளே இருட்டில் கண் தெரியாது. கையால் தடவித்தான் எண்ணுவார், ஒரு சேவலுக்கு ஒரு முருகா என்று. "ஊரே வெடவெடங்குது, இவ சேவலுக்கு வெந்நி வெளாவறா!" என்று சுள்ளி பொறுக்க வருவோர் சிரிப்பார்கள். கூரைக்கடியில் ஒரு சாண் சந்து விட்டு, அதைத் திறந்தே வைத்திருந்தது அவர்களுக்கு இன்னும் பெரிய வேடிக்கை. அது மூச்சின் ஈரம் வெளியேறும் வழி என்று சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை.

ஒரு தை மாதம் அம்மையார் காய்ச்சலில் இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்தார். கோயில் நிர்வாகத்தைக் கவனித்த மணியக்காரர் ராக்கியண்ணர், குளிர் நுழைகிறதென்று அந்தச் சந்தில் சேறு வைத்து அடைத்துவிட்டார். நல்ல எண்ணந்தான், விவரந்தான் போதாது. மூன்றாம் நாள் அம்மையார் தள்ளாடி வந்து கதவைத் திறந்தபோது சுவரெல்லாம் நீர் வழிந்தது. உமி சொதசொதத்துக் கிடந்தது. பதினான்கில் மூன்று விறைத்துக் கிடந்தன.

"பெத்ததையும் காப்பாத்தத் தெரியல, சாமி சேவலையும் காப்பாத்தத் தெரியல" என்றார் மணியக்காரர். "இனி ஒண்ணு கொறஞ்சாலும் நீ மலையெறங்கிரு. மிச்சத்தைக் கீழ அனுப்பிருவேன்."

எவ்வளவு கொடிய சொல்! அம்மையாரோ, இந்தச் சேவல்களும் போய்விட்டால் முருகனுக்குச் செய்யத் தம்மிடம் ஒன்றுமில்லையே என்றுதான் கலங்கினார். விரல் நகம் பிய்யச் சேற்றைச் சுரண்டி எடுத்தார். ஈர உமியை அள்ளிக் கொட்டி, அடுப்படியில் உலர்த்திய உமியைப் பரப்பினார்.

அன்று பொழுது சாயும் முன்பே பனி இறங்கிவிட்டது. கொட்டாங்கச்சியில் இருந்த எண்ணெய் பதினொரு கொண்டைக்குச் சரியாக இருந்தது. எண்ணி முடித்துக் கையை எடுக்கப்போனவரின் விரலில் இன்னொரு கொண்டை பட்டது. தொட்டால் சில்லென்றது, உடம்பெல்லாம் நடுக்கம். யாரோ புதிதாக விட்டுப்போயிருக்கிறார்கள் போலும் என்று நினைத்தார். ஆனால் எண்ணெய் தீர்ந்திருந்தது.

அவர் குடிசையில் முருகனுக்கு ஏற்றும் ஆமணக்கெண்ணெய் அகல் ஒன்று இருந்தது. காய்ச்சலிலும் கிடந்தபடியே எண்ணெய் வார்த்து, இருபது ஆண்டுகளாக அணையாமல் காத்தது. அதன் முன் போய் நின்றார்.

"கோவிச்சுக்காத சாமி. விளக்கில்லாட்டி உனக்கு ஒண்ணும் ஆயிராது. அதுக்குக் கொண்டை போயிரும்."

சுடரை அணைத்து, ஆறவைத்து, அந்த எண்ணெயைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டாவது கொண்டையில் கடைசிச் சொட்டுவரை தடவினார்.

விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட்டார். பதினொன்றும் கொண்டை சிவக்க வெளியே வந்தன. பன்னிரண்டாவதைக் காணோம். உமியைக் கிளறினார், புதரெல்லாம் தேடினார். பிறகு தம் ஒரே மாற்றுச்சேலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு மணியக்காரர் முன் போய் நின்றார்.

"ஒண்ணைத் தொலைச்சிட்டேனுங்க. நான் எறங்கறேன்."

மணியக்காரர் எண்ணிப் பார்த்தார். "பதினொண்ணும் இருக்குதே?"

"இல்லீங்க, பன்னண்டு. என் கையால எண்ணெ தொட்டு வெச்சேன்."

யாருக்கும் தெரியாத கணக்கு. வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பொய்யாகத் தங்க அவருக்குத் தெரியவில்லை.

அந்நேரம் சன்னிதிக்குள்ளிருந்து பண்டாரத்தார் கூவும் குரல் கேட்டது. காலைப் பூசைக்கு வந்திருந்த எல்லோரும் ஓடினார்கள். பெருமான் காலடியில் நிற்கும் கல்சேவலின் கால்களில் உமி ஒட்டியிருந்தது. அதன் கொண்டை பளபளவென்று மின்னியது. அதில் கருகிய விளக்குத் திரியின் நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நெய் தவிர வேறு காணாத கருவறை முழுதும் ஆமணக்கெண்ணெய் மணந்தது.

மணியக்காரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். கூட்டம் "அரோகரா" என்று கதறியது. சன்னிதிக்குள் நுழையத் துணியாமல் வாசற்படியிலேயே நின்ற அம்மையார், பண்டாரத்தாரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஏனுங்க, கொண்டை கருகலையே?"

"கருகல ஆத்தா" என்றார் அவர், கண்ணீரோடு.

மறுநாள் முதல் சேவல்களுக்கு வெந்நீர்க் குடம் சுமந்தவர் ராக்கியண்ணர். கூரைச் சந்து எப்போதும் திறந்தே இருந்தது. அம்மையார் மூட்டையை அவிழ்த்து, அகலை மீண்டும் ஏற்றினார். தன் சேவலை அனுப்பி அவர் கைச்சூட்டை வேலவன் கேட்டு வாங்கிக்கொண்ட மாராத்தம்மையாரின் மலர்ப்பாதம் வாழ்க.